தீபாவளி லீவுக்காக இளைத்த கதை

புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்பவளுக்கு நாக்கை விடத் தோள்தான் முக்கியம். எவ்வளவு பேசினாலும் மசியாத வாடிக்கையாளர், புடவையைப் பிரித்து நம் தோளில் போட்டு முந்தானையை விரித்துக் காட்டினால் மசிந்துவிடுவார். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் பல வருஷமாக நான் செய்வது இதைத்தான். பெயர் வேதவல்லி. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்து போகிறேன். அதில் இடம் கிடைத்தால், அன்றைக்கு நான் உட்காருவது அது ஒன்றுதான்.

நாள் முழுக்க நின்றால் உடம்பு இளைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கால்தான் வீங்கும். மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு, பசியை அடக்க நடுநடுவே டீ, டீக்குத் துணையாக ஒரு வடை. என்னைப் போல நின்றே பிழைக்கும் சக அவஸ்தைக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கடையிலும் ஒரு நாள் இப்படிப் போட்டி வைத்துத் தொலைப்பார்கள்.

கோடவுனிலிருந்து வந்த தராசு

ஆடித் தள்ளுபடி முடிந்த மறுவாரம், எங்கள் முதலாளியிடம் அவருடைய டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார். தனக்கு வந்த கஷ்டத்தை ஊழியர்களோடு பகிர்ந்துகொள்ளும் பெரிய மனசு அவருக்கு. காலையில் கடை திறக்குமுன் எல்லோரும் வரிசையில் நின்று சாமி கும்பிட்டோம். கற்பூரம் அணைவதற்குள் அறிவிப்பு வந்தது. புரட்டாசி முடிவதற்குள் யார் அதிகமாக இளைக்கிறார்களோ, அவருக்குத் தீபாவளி சமயத்தில் பத்து நாள் சம்பளத்தோடு லீவு.

தீபாவளி, லீவு என்ற இரண்டு வார்த்தைகளையும் ஒரே வாக்கியத்தில் நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்கள் சூப்பர்வைசர் தங்கராசு எல்லோரிடமும் சொல்லிவிடுவார், தீபாவளிக்கு லீவு கேட்கிறவர்கள் அப்படியே வேறு கடையும் பார்த்துக்கொள்ளலாம் என்று. எனக்கோ அந்த லீவு கட்டாயம் வேண்டும். என் ஒரே பெண் ரஞ்சனிக்குத் தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன தேதி தீபாவளி வாரம். வீட்டில் வேறு பெண் துணை கிடையாது. அவளுடைய அப்பா வெந்நீர் வைக்கக்கூட என்னிடம் வழி கேட்கிற மனுஷர்.

அடுத்த நிமிஷமே லாரி மூட்டைகளை நிறுக்கிற தராசை ஹாலுக்குத் தூக்கி வந்தார்கள். மூட்டை ஏற்றி இறக்கும் பழனிதான் நிறுப்பவன். மாடியில் இருக்கும் கணக்கருக்குக் கேட்க வேண்டும் என்று கத்தியே பழகியவன். நான் ஏறி நின்றதும் முள்ளைக் குனிந்து பார்த்து, கடை முழுக்கக் கேட்கும்படி முழங்கினான்: "எண்பத்தி நாலு! அக்கா, ஒரு முழு சூரத் புடவை மூட்டையைத் தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க!"

பாயசத்துக்கு எதிரே கொள்ளு ரசம்

அதே வாரத்தில் ரஞ்சனிக்கு வளைகாப்பு முடிந்து, அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். பிள்ளைத்தாய்ச்சிக்கு வாய்க்கு ருசியாகச் செய்து போட வேண்டும். எனக்கோ வாயைக் கட்ட வேண்டும். கடையிலிருந்து வந்ததும் வராததுமாக அவள் கேட்டதையெல்லாம் செய்வேன். புளியோதரை, தேங்காய் சாதம், சேமியா பாயசம். நெய்யில் முந்திரி வறுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். அவளுக்குப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து, ஒரு டம்ளர் கொள்ளு ரசத்தைக் குடிப்பேன்.

போட்டியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "எனக்காக நீ பட்டினி கிடக்கறியா?" என்று அழுவாள். ஒரு நாள் பாதி சாப்பாட்டில் அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். குமட்டுகிறதா என்று பதறினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் வாயில வைக்கற ஒவ்வொரு கவளத்தையும் நீ கண்ணால முழுங்கறேம்மா. எனக்குப் பயமா இருக்கு."

உறையூர் அம்மாவின் கோபம்

உறையூரில் ஒரு அம்மா உண்டு. நல்ல பாரி உடம்பு. அவர் வீட்டில் எந்த விசேஷமானாலும் நேரே என்னிடம்தான் வருவார். காரணம் என் பேச்சு இல்லை. "உங்க மேல எடுப்பா இருந்தா என் மேலயும் எடுப்பா இருக்கும்" என்பார். நான் தோளில் போட்டுக் காட்டினால் கண்ணாடியில் தன்னையே பார்ப்பது மாதிரி திருப்திப்படுவார். அவர் வந்த நாட்களில் தங்கராசு எனக்கு டீ வாங்கித் தருவார்.

ஆவணி கடைசியில், மகள் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க வந்தார். அதற்குள் நான் அரைவாசி ஆகியிருந்தேன். கடை கொடுத்த ரவிக்கையில் இரண்டு பக்கமும் தையல் பிடித்தும் தொளதொளத்தது. என்னைத் தாண்டிப் போய், "வேதா எங்கே?" என்று என்னிடமே திரும்பி வந்து கேட்டார். நான்தான் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டார். மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டை எடுத்துத் தோளில் போட்டுக் காட்டினேன். மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷ நம்பிக்கையை நான் ஏமாற்றிவிட்டேன் என்கிற கோபம். தங்கராசுவைக் கூப்பிட்டு, அடுத்த கவுண்டரில் இருந்த பருமனான புதுப் பெண்ணைக் காட்டினார்: "அந்தப் பொண்ணு மேல போட்டுக் காட்டச் சொல்லுங்க. இவங்க மேல எதைப் போட்டாலும் கொடியில காயப்போட்ட மாதிரி இருக்கு."

ஊர் கொடுத்த வியாதி

ஸ்ரீரங்கத்தில் ஒருத்தி இளைத்தால் அதற்கு ஒரே காரணம்தான். காய்கறிக்காரி கேட்டாள், சுகரா? பூக்காரி கேட்டாள், சுகரா? சந்நிதியில் சேவித்துவிட்டுத் திரும்பினால் பின்னால் நிற்கும் மாமி, "எவ்வளவு இருக்கு, ஊசியா மாத்திரையா?" என்றாள். இல்லை என்று சொன்னதுதான் தப்பு. சுகர் இல்லையென்றால் அதைவிடப் பெரிசாக ஏதோ இருக்கிறது, வெளியே சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று பேச்சு மாறிவிட்டது. எதிர் வீட்டு மாமி எனக்காக விளக்கு ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்ததை அவள் வாயாலேயே கேட்டு, நடு வீதியில் நின்றுவிட்டேன்.

பேச்சு காவிரி தாண்டிக் கும்பகோணம் போனது. அங்கேதான் ரஞ்சனியின் மாமியார் இருக்கிறார். நல்ல மனுஷி, ஆனால் கறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ரஞ்சனி காதில் விழாமல் கொல்லைப் பக்கம் போய், எனக்கு வியாதி எதுவும் இல்லை, கடையில் போட்டி என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. நிதானமாகச் சொன்னார்: "தீபாவளிக்கு நீங்க லீவு போட்டு ஆத்துல இருந்தா சரி மாமி. இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்கோ, கார் அனுப்பறோம். பிரசவம் இங்கேயே ஆகட்டும்."

சட்டைப் பிரிவு அந்தோணியின் ரகசியம்

புரட்டாசியில் போட்டி எனக்கும் சட்டைப் பிரிவு அந்தோணிக்கும் நடுவே வந்து நின்றது. மற்றவர்கள் எல்லாரும் வடையிடம் தோற்றுப் போயிருந்தார்கள். அந்தோணி பட்டினி கிடந்ததாக எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் மீன் குழம்பு வாசனை கடை முழுக்க வரும். ஆனாலும் வாரா வாரம் நிறுக்கும்போது என்னோடு சரிக்குச் சமமாகக் குறைந்துகொண்டே வந்தார். பொறுக்க மாட்டாமல் நேரே கேட்டுவிட்டேன். அவருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. முதல் நாள் நிறுக்கும்போது வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, பேன்ட் பைகளில் கடையின் ஷட்டர் பூட்டுகளைப் போட்டுக்கொண்டு ஏறினாராம். பிறகு வாரத்துக்கு ஒரு பூட்டாகக் குறைத்துக்கொண்டே வந்தாராம்.

முதலாளியிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவரோ என்னைப் பார்த்து நிஜமாகவே பரிதாபப்பட்டார்: "என்ன மேடம் நீங்க, எல்லாரும் முதல் நாள் ஏத்திக்கிட்டு வருவாங்க. நீங்க நிஜமாவே இளைச்சுட்டீங்களே!"

ஏகாதசி

கடைசி நிறுவை புரட்டாசி ஏகாதசிக்கு மறுநாள் காலை என்று தேதி வைத்தார்கள். பெருமாளே நாள் பார்த்துக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. எப்போதும் ஏகாதசிக்குப் பழமும் பாலும் சாப்பிடுகிறவள், இந்தத் தடவை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று முடிவு பண்ணினேன். புண்ணியத்துக்குப் புண்ணியம், லீவுக்கு லீவு. அந்தோணியின் பூட்டுகளை ஒரு நாள் உபவாசம் ஜெயிக்காதா என்ன?

மத்தியானம் கடையில் கூட்டம் நெரிந்தது. ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு அரக்குப் பட்டைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். சரிகை கனமாக இருக்கிறதே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு மேலே இருந்த மின்விசிறி கீழே வந்தது. அல்லது நான் கீழே போனேன். கண் இருட்டினாலும் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. யாரோ தண்ணீர் தண்ணீர் என்று கத்தினார்கள். எல்லாச் சத்தத்துக்கும் மேலே தங்கராசுவின் குரல்: "தண்ணி தெளிக்காதீங்க! முதல்ல புடவையை எடுங்க, சரிகை கறுத்துடும்!"

புத்தூர் ஆஸ்பத்திரியில்

கண் திறந்தபோது புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். கொண்டு சேர்த்தவர் அந்தோணிதான். கையில் ஊசி குத்தி, மேலே பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் வாயைக் கட்டிக் குறைத்ததை, என்னைக் கேட்காமலே என் உடம்புக்குள் திரும்ப ஏற்றுகிறார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். நர்ஸைக் கூப்பிட்டு, இந்தப் பாட்டில் முழுக்க இறங்கினால் எத்தனை கிலோ ஏறும் என்று கேட்டேன். அந்தப் பெண் ஊசியைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னது:

"நீங்க பாட்டிலைப் பாக்கறீங்க. அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கம்மா. ஒன்பதாம் மாசத்துல உங்க பொண்ணு ரெண்டு மணி நேரமா முதுகு சாய இடமில்லாத ஸ்டூல்ல உக்காந்து உங்க காலைத் தேய்ச்சிக்கிட்டு இருக்கு."

நிறுவை நாள்

ராத்திரியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் துவாதசி. ரஞ்சனி அடுப்பு முன்னால் நின்று அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் பண்ணி, நான் கடைசிக் கவளம் வரைக்கும் சாப்பிடுகிறேனா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். அந்தோணி சொல்லி இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். அழவில்லை. திட்டவும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தாமதமாகத்தான் கடைக்குப் போனேன். தராசில் ஏறினேன். பழனி அன்றைக்குக் கத்தவில்லை, மெதுவாகச் சொன்னான். அந்தோணி ஜெயித்துவிட்டார், அரைக் கிலோ வித்தியாசத்தில். அந்தப் பாட்டில் இறங்காமல் இருந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கும்பகோணத்துக் கார் வாசலில் வந்து நிற்பது போலிருந்தது. வேலை போனால் போகட்டும் என்று நேரே முதலாளியின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், என் பெண்ணுக்குத் தலைப்பிரசவம், லீவு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தங்கராசு பின்னாலேயே ஓடி வந்து கதவருகில் நின்றார். முதலாளி எழுந்து, தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். அந்தக் கடையில் நான் முதன்முதலாக உட்கார்ந்தது அப்போதுதான். அவர் என்னைவிட அதிர்ந்து போயிருந்தார்: "தலைப்பிரசவத்துக்கு யாராவது லீவு இல்லைம்பாங்களா? இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட வந்து கேட்டதில்லையேம்மா. உங்களுக்கெல்லாம் லீவு வேண்டாம்னுல்ல நினைச்சிக்கிட்டு இருந்தேன்!"

நான் தங்கராசுவைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

மடி

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் ரஞ்சனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்ததிலிருந்து அவள் என் கையை விடவே இல்லை. நானும் அங்கே இருந்தேன். கடையில் அந்நேரம் எத்தனை கூட்டமோ, யார் தோளில் எந்தப் புடவையோ, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கும்பகோணத்து மாமி வந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் போனார்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையைத் தூங்கவைக்க, காலை நீட்டி உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டேன். வீறிட்டது. திருப்பிப் போட்டேன். இன்னும் வீறிட்டது. பசியா, எறும்பா, வயிற்று வலியா என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. கட்டிலில் படுத்திருந்த ரஞ்சனி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு தலையணையை எடுத்து என்னிடம் நீட்டினாள்: "எலும்பு குத்தறதும்மா அவளுக்கு. இதை மடியில வெச்சுக்கோ. நாளையிலேர்ந்து நீ சாப்பிடறதை நான் எதிர்ல உட்கார்ந்து பார்க்கறேன்."

வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் லீவுக்காக, அதே வாயை இரண்டு மாதம் கட்டி, குழந்தை படுக்க வேண்டிய மடியைக் கரைத்தவள் நான்.