ஓடும் கல்லும் தேடிப் படுவான்கரைக்கு

காலை 6.30. மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் ஏறியபோது என் பையில் ஒரு மேசன் கரண்டி, தூரிகை, அளவுநாடா, என் பேராசிரியர் எழுதிய இரண்டு தடித்த நூல்கள் இருந்தன. வரைபடத்தையும் திசைகாட்டியையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். இந்தச் சண்டைக் காலத்தில் வரைபடத்தோடு வாவியைக் கடப்பவன் உயிரில் ஆசை இல்லாதவன்.

பக்கத்தில் இருந்தவர் காத்தான்குடிப் புடவை வியாபாரி. கரண்டியைக் கண்டு, "மேசன் வேலைக்கா போறீங்க?" என்றார்.

"இல்ல, ஆதி காலத்து வேடர் உடைச்ச கல்லுத் தேடி."

சற்று யோசித்தார். "இதுக்குச் சம்பளம் தாறாங்களா?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். தன் ஊரில் இறங்கும்வரை என்னைப் பொறாமையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்முனைத் துறைக்கு எட்டு மைல், ஏழு ரூபாய். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அங்கே இராணுவம். அந்தப் பக்கம் படுவான்கரை, அங்கே ஆயுதம் ஏந்திய இயக்கம். இரண்டுக்கும் நடுவில், 'பாதை' என்று இங்கே சொல்லும் மிதவை. ஆளுக்கு இரண்டு ரூபாய். இராணுவக் காவலரணில் ஒருநாள் பாஸ் தந்தார்கள். நான்கு மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் வேட்டையாடியவர்களும் முதன்முதலில் பயிர் செய்தவர்களும் ஒரே காலத்தில் வாழ்ந்து பண்டம் மாற்றிக்கொண்டார்கள் என்று ஆய்வேட்டில் நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். பேராசிரியர் ஓரத்தில் ஒரே சொல் எழுதினார்: 'ஆதாரம்?' வேடரின் பளிங்குக்கல் சில்லும் உழவரின் பானை ஓடும் ஒரே மண்ணில் கலையாமல் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் பட்டமும் இல்லை, நிரந்தர வேலையும் இல்லை. அந்த நேரம் பார்த்து, முன்பு எனக்குப் பழக்கமான விவசாயி சாமித்தம்பி கடிதம் போட்டார்: புதுக் கிணறு வெட்டினோம், கல்லும் ஓடும் கலந்து வருகிறது. எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள், வருகிறேன் என்று பதில் எழுதினேன்.

9.15. கொக்கட்டிச்சோலையிலிருந்து மேற்கே மூன்று மைல், சாமித்தம்பியின் சைக்கிள் கரியரில். இருபுறமும் வட்டை, அதாவது கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். வீட்டு வாசலில் அவர் மனைவி பூரணம் ஒரு சுளகோடு நின்றார். அதில் பானை ஓடுகள் பளபளவென்று கழுவி அடுக்கியிருந்தன.

"கல்லு?" என்றேன்.

"அதெல்லாம் பொறுக்கி மாட்டுப் பட்டிக்க எறிஞ்சிட்டன் சேர். ரெண்டு நாளா இதே வேல. நீங்க இவ்வளவு தூரம் வாறீங்க, கல்லோடயா தாற?"

அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கை. வேடர் சரித்திரம் முழுவதும் இப்போது மாட்டுப் பட்டிச் சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். மழைக்கு நிரம்பி, கழுத்துவரை தண்ணீர். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பூரணம் அதைப் பசி என்று நினைத்து, விரால் மீன் கறியோடு சோறு போட்டார். வெட்கமில்லாமல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவ முற்றத்துக்குப் போனபோதுதான் அதைக் கண்டேன். கோழிக்குஞ்சுகளை மூடிக் கவிழ்த்த கூடையின்மேல், தேங்காய் அளவில், சுண்ணாம்பு ஊறி இறுகிப்போன ஒரு மண்கட்டி. அதன் பக்கவாட்டில் ஒரு பானை விளிம்பு. அதை ஒட்டியே இரண்டு பளிங்குச் சில்லு.

"இது எங்க கிடந்தது?"

"அதும் கிணத்துக்கதான். எவ்வளவு நோண்டியும் கல்லுக் கழரல்ல. அதான் பாரத்துக்கு வெச்சன்."

"எனக்குத் தாறீங்களா?"

"மறுகா குஞ்சக் கீரி கொண்டு போனா ஆரு பொறுப்பு?"

நியாயம்தான். அந்த வயல் நாட்டில் பாரம் வைக்க வேறு கல் தேடினால் கிடைக்காது. பேராசிரியரின் இரண்டு நூல்களையும் பொலித்தீனில் சுற்றிக் கூடைமேல் வைத்தேன். பூரணம் கூடையை அசைத்துப் பார்த்தார். "பாரமான புத்தகந்தான்," என்று ஒத்துக்கொண்டார். புறப்படும்போது ஒரு மண்முட்டி நிறைய எருமைத் தயிரும் கையில் தந்தார்.

மாலை 3.40. மண்முனைக் காவலரணில் சோதனை. பாண் ரொட்டி வாங்கிப் போனாலும் உள்ளே குண்டு இருக்கிறதா என்று பிளந்து பார்க்கும் காலம். என் கட்டியைக் கண்டதும் சிப்பாய்கள் மண்மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் மேசையருகே நின்று குலுக்கினான், முகர்ந்தான். பிறகு சுத்தியலை எடுத்து ஓங்கினான்.

என் சிங்களமும் அவனது தமிழும் சேர்ந்து பத்துச் சொல் தேறாது. அந்தப் பத்தில் 'ஆய்வேடு' இல்லை. கும்பிட்டுக் கெஞ்சலாம் என்றால் கையில் தயிர் முட்டி. கும்பிடுவதற்காக அதை அவன் முன்னால் மேசையில் வைத்தேன்.

அவன் முட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சுத்தியலைக் கீழே வைத்தான். ஒரு கையால் முட்டியைத் தன் பக்கம் இழுத்தான்; மறு கையால் கட்டியை என் பக்கம் தள்ளினான். இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

பஸ்ஸில் கட்டியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். மொழி ஒத்துவராத இரண்டு கூட்டம், பண்டத்தை நடுவில் வைத்துப் பேசாமல் மாற்றிக்கொண்டது என்றுதான் நாற்பது பக்கமும் எழுதியிருந்தேன். ஆதாரம் கிடைத்துவிட்டது. ஆனால் அவர்கள் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. சுத்தியலை ஓங்கியபோது அந்தச் சிப்பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான்.