பூக்கார அக்காவின் சடை

ஆவடி குவார்ட்டர்ஸில் நாம் குடியிருந்தபோது நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன், பிள்ளைகளே.

நம் வரிசைக்குத் தினமும் பூ கொண்டுவருவார் முனியம்மா அக்கா. திடீரென்று அவர் முடி திரிதிரியாகச் சடை பிடிக்க ஆரம்பித்தது. அம்மன் கொடுத்தது என்று அவர் சீப்பைத் தொடவில்லை. நானோ, "தலை குளிக்காதவங்க கட்டுன பூ சாமிக்கு ஆகாது" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அது வீடு வீடாகப் பரவியது. மூன்றே நாளில், அக்கா கூடை நிறையப் பூவோடு திரும்பிப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுப் பக்கம் போனேன். வாசலில் தலை அலசிக்கொண்டிருந்தார். ஆர்வம் தாங்காமல் நின்றுவிட்டேன்.

"இன்னா நைனா, வேடிக்க பாத்துகினு கீற?"

"சடையைக்கூடக் கழுவுவீங்களாக்கா?"

"கழுவாம? வாரத்துக்கு ரெண்டு தபா பூந்திக்கொட்டத் தண்ணி. எண்ண வெச்சா பிசுக்கு ஏறும். ஈரத்தோட முடிஞ்சா நாறிப்பூடும், வெயில்ல காயணும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம கையால பிரிச்சு வுடணும். உன் தலைய வுட சுத்தம், மோந்து பாக்கிறியா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூ விற்காததற்குக் காரணம் நான்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். சடையைப் பிரித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே நைனா" என்றார்.

அன்றே வீடு வீடாகப் போய், நான் சொன்னது தப்பு என்றேன். இரண்டு வீட்டார் கடைசிவரை அவரிடம் வாங்கவேயில்லை. அவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் எனக்கு அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.