மணி அடிக்கும் கம்பியைக் கொடுக்கவில்லை

எழுபதுகளின் நடுவில், முதலமடையில் ஒரு மரமில்லில் வேலை பார்த்தேன். மாம்பழம் அனுப்பும் பெட்டிக்குப் பலகை அறுக்கும் மில். ரம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்று ஓர் அண்ணன் மரத்தைத் தள்ளுவார். இந்தப் பக்கம் நான் இழுப்பேன். ரம்பம் நின்றிருக்கும்போது அதன் மேடைக்கு அடியில் கைவிட்டு மரத்தூளை அள்ளுவதும் என் வேலை.

இன்ஜின் சுவருக்குப் பின்னால். இன்ஜின்காரருக்கு ரம்பம் கண்ணில் படாது. முதலாளி தன் மேசைக்குப் பக்கத்தில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டைக் கம்பியால் அடிப்பார். சத்தம் கேட்டதும் இன்ஜின்காரர் பெல்ட்டைத் தள்ளி மாட்டுவார். ரம்பம் சுற்றும். அங்கே அதுதான் பழக்கம். மேசையிலிருந்து பார்த்தால் மேடைக்கு அடியில் ஆள் இருப்பது தெரியாது.

மாங்காய் இறங்குகிற காலம். வாசலில் பெட்டிக்காக லாரி நின்றது. நான் குனிந்து தூள் அள்ளிக்கொண்டிருந்தேன். மணி அடித்துவிட்டது. கையை இழுத்தேன். கண்ணாடி வளையல் ரம்பத்தில் பட்டுச் சிதறியது. மணிக்கட்டில் ஒரு கீறல். அவ்வளவோடு போனது.

ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு முதலாளி வந்து பார்த்தார்.

"வளையல்தான போச்சு. லாரி நிக்குது, ஆரம்பிங்க."

நான் நேரே போய்த் தண்டவாளத் துண்டைக் கயிறோடு அவிழ்த்து வந்தேன். ரம்பத்துக்குப் பக்கத்துத் தூணில் கட்டினேன். கம்பியைக் கையில் வைத்துக்கொண்டேன். என்ன செய்கிறாய் என்றார் முதலாளி.

"கைய எடுத்துட்டு இனி நானே அடிக்கிறனுங்க."

"அப்ப மொதலாளி யாரு புள்ள, நீயா?"

"நீங்கதானுங்க. கை என்னோடதுங்க."

வேறு ஆளைப் போட்டு ஓட்டுவேன், நீ வீட்டுக்குப் போ என்றார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. பயமாகத்தான் இருந்தது. கம்பியை விடவில்லை.

முதலாளி அண்ணனைப் பார்த்தார். அவர் மரத்திலிருந்து கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை அடித்தால் தள்ளுகிறேன் என்று மட்டும் சொன்னார். லாரிக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தம்மாவே அடிக்கட்டுங்க. நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள மாங்காயெல்லாம் பழுத்துப்போயிருமுங்க."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய் மேசையில் உட்கார்ந்தார்.

நான் மறுபடி குனிந்தேன். அவசரப்படாமல் மிச்சத் தூளை அள்ளினேன். எழுந்து நின்று அண்ணனைப் பார்த்தேன். தலையசைத்தார். அடித்தேன். ரம்பம் சுற்றியது.

அடுத்த மாங்காய் சீசனுக்கு என்னைக் கூப்பிடவில்லை. கொல்லங்கோட்டில் வேறு மில்லுக்குப் போனேன். அங்கே முதல் நாளே கேட்டேன், இங்கே மணி யார் அடிப்பது என்று. இந்த வயதிலும் எந்த வேலையானாலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். கை வைப்பவர் சொல்லாமல் ரம்பம் சுற்றக் கூடாது என்பதில் இன்றுவரை யாருக்கும் நான் விட்டுக்கொடுத்ததில்லை.