மஞ்சள் தண்ணீரில் குளித்த மரம்

இப்போது ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்கினாலே கை ஆடுகிறது. எட்டு வயதில் இந்தக் கைதான் ஒரு மரத்தையே குளிப்பாட்டியது.

ரங்கூனில் பசுந்தாங் பக்கம் எங்கள் வீடு. அம்மாவின் தம்பி, என் மாமா, ஷான் மலைக்குப் போகும் ரயிலில் வேலை பார்த்தார். லான்மடாவில் போட்டோக் கடை வைத்திருந்த ஜப்பான்காரர் ஒருவர் அவருக்குச் சிநேகம். பர்மாக்காரர்களைப் போல நாங்களும் அவரை 'சயா', அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவோம். மலையில் பாறை இடுக்கில், காற்று அடித்து அடித்துக் கூனிப்போன, ஊசி ஊசியாய் இலைவிடும் ஊசிமரங்கள் உண்டு. வயதில் கிழம், உயரம் முழங்கால் அளவு. அவற்றைத் தட்டுபோன்ற தொட்டியில் வைத்து வளர்ப்பது சயா ஊர் வழக்கமாம். மாமா இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். இரண்டும் ரங்கூன் சூட்டில் போய்விட்டன.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. அதுவும் போனா கேக்கமாட்டேன். மலையில நல்லாயிருக்கிறதக் கொண்டாந்து எத்தனைதான் கொல்றது?" என்றாராம் சயா.

மாசியில் மாமா மூன்றாவதைக் கொண்டுவந்தார். கடப்பாறையால் நெம்பி எடுத்து, வேரை அதன் மண்ணோடு ஈரச்சாக்கில் கட்டி, பிள்ளையைப் போலத் தூக்கி வந்தார். சயா கல்யாணப் படம் எடுக்க வெளியூர் போயிருந்ததால் மரம் ஒருநாள் எங்கள் வீட்டில் தங்கியது. மாமா அசந்து தூங்கினார். நான் சாக்கை அவிழ்த்தேன். வேரெல்லாம் வெள்ளைப் பூஞ்சை, காளான் வாடை.

அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐய, இந்தக் கோலத்துலயா குடுக்கிறது? நம்மளப் பத்தி என்ன நினைப்பாரு?"

எனக்கு அது போதாதா? குழாயடிக்கு இழுத்துப்போய், தேங்காய் நாரால் தேய்த்து, மஞ்சள் கரைத்து மூன்று தண்ணீர் ஊற்றினேன். ஒரு பொட்டு மண் இல்லை. எழுந்து வந்த மாமாகூட, "கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்குடி!" என்று சிரித்தார்.

மறுநாள் மாமாவும் நானும் மரத்தைக் கடைக்குக் கொண்டுபோனோம். சயா வேரைத் தொட்டார். மஞ்சள் ஒட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் கழுவினது?"

"நாந்தான்!"

விரலைத் துடைத்துக்கொண்டு, "நல்ல சுத்தம்," என்றார்.

கூழாங்கல்லும் மணலும் போட்டு நட்டார். காற்றில் ஆடாதபடி கயிற்றால் கட்டி, நிழலில் வைத்தார். நான் தினமும் போவேன். சித்திரைவரை மரம் பச்சையாகவே நின்றது. நான் கழுவியதால்தான் பிழைத்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் பார்த்தால் ஊசியெல்லாம் செம்புக்கம்பி நிறம். அழுதேன்.

"இந்த ஊர் வெயில் பொல்லாதது பாப்பா," என்றார்.

அடுத்த வருஷம் அவர் கேட்காமலே மாமா இன்னொன்று கொண்டுவந்தார். நான் கடை வாசலிலேயே மஞ்சள் தண்ணீரோடு தயாராக நின்றேன். சயா அவசரமாகச் சாக்கைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம், வேண்டாம். இது வழியிலேயே குளிச்சிட்டு வந்திருக்கு." அந்த வெள்ளைப் பூஞ்சையோடே நட்டார். மரம் பிழைத்தது. குளிக்காத மரத்துக்கு வந்த வாழ்வைப் பார் என்று எனக்குக் கோபம்.

வெகுகாலம் கழித்து மாமா பேச்சுவாக்கில் சொன்னார். ஊசிமரம் செத்தாலும் இரண்டு மாசம் பச்சை மாறாதாம். பூஞ்சை போனால் வேருக்குச் சோறு இல்லையாம். சயாவுக்கு அது முதல்நாளே தெரியுமாம்.

அந்த இரண்டு மாதமும் நான் போனதும் அவர் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் அகப்பையை என் கையில் கொடுப்பார்.

"மெதுவா ஊத்து பாப்பா," என்பார். "வேர் நோகும்."