நான் கிள்ளிய கோஸ் குருத்து

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் மலேசியாவில், கேமரன் மலையில், தானா ராத்தாவிலிருந்து உள்ளே போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை.

நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குக் கீழே, ஓடையை ஒட்டி ஒரு சரிவு சும்மா கிடந்தது. தேயிலை அங்கே சரியாக வரவில்லை. தோட்டத்துக்குப் புதிதாக மானேஜராக வந்த துரை அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, வீட்டுக்கு ஒன்று என்று காய்கறி போட்டுக்கொள்ளக் கொடுத்துவிட்டார். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வேலி, ஒரே தண்ணீர்க் குழாய். மண்வெட்டியைக்கூட மாற்றி மாற்றித்தான் வைத்துக்கொண்டோம்.

சொன்னால் சிரிப்பீர்கள். பிறந்ததிலிருந்து செடிக்கு நடுவிலேயே கிடந்தவர்கள் நாங்கள். ஆனால் தேயிலையைத் தவிர வேறு ஒன்றையும் வளர்த்துப் பழக்கமில்லை. ஒருவர் கேரட்டை நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டார். அது இரண்டு கால், மூன்று காலோடு வெளியே வந்தது. இன்னொருவர் பச்சைக் கோழி எருவை அப்படியே வேரடியில் கொட்டி, தக்காளிச் செடிகளை நாலே நாளில் கருக்கிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் சிரித்தேன். மனசுக்குள் இல்லை, வேலைக்காட்டில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். கொழுந்து எடுப்பதில் என்னை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை, கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதுகிற கிராணியே அப்படித்தான் சொல்லுவார். அந்தத் திமிர்தான்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். கல்யாணமாகி நாலு வருடத்தில் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. லயத்தில் சும்மா இருப்பார்களா? அவளுக்குக் கைராசி இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அவள் அடைகாக்க வைத்த முட்டை கூமுட்டையானாலும் அதுதான் காரணம், அவள் உறை ஊற்றிய பால் தயிராகாமல் போனாலும் அதுதான் காரணம். நான் அப்படிப் பேசியதில்லை. ஆனால் பேசுகிறவர்களை ஒரு வார்த்தை தடுத்ததும் இல்லை.

அவள் தன் துண்டு நிலத்தில் கோஸ் போட்டாள். கோலா தெர்லாவில் தோட்டம் வைத்திருந்த ஒரு சீனர் லோரியில் எருவும் நாற்றும் கொண்டுவருவார். அவரிடம்தான் நாற்று வாங்கினாள். நட்டது அத்தனையும் பிடித்துக்கொண்டது. காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, போய் எண்ணிவிட்டு வருவாள்.

"அக்கா, ஒண்ணுகூட சாகலக்கா, வந்து பாருங்களேன்" என்று ஒரு நாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் தான் மறுபடி உண்டாகியிருப்பதையும் என் காதோடு சொன்னாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

பத்து நாள் போயிருக்கும், அவளுக்கு லேசாக உதிரம் பட்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். அங்கிருந்து ரிங்லெட்டில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் ஓய்வெடுப்பதாக ஏற்பாடு. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன என்னிடம், "கோஸுக்குத் தண்ணி மட்டும் ஊத்துங்கக்கா, போதும்" என்றாள்.

தண்ணீர் ஊற்றினேன். அதோடு நின்றிருக்கலாம்.

என் நிலத்தில் பீன்ஸ் போட்டிருந்தேன். கொடி ஒற்றையாக மேலே போய்க்கொண்டிருந்தது. கை சும்மா இருக்குமா, நுனியைக் கிள்ளிவிட்டேன். பக்கத்தில் நாலு கிளை வெடித்துப் பூவாகப் பூத்தது. வந்து பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். "செடின்னா கிள்ளணும். கிள்ளக் கிள்ளத்தான் துளிர்க்கும். இதுகூடத் தெரியாம இத்தன வருசம் கொழுந்து எடுத்தீங்களா" என்றேன். தேயிலையில் அதுதானே சட்டம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கோஸுக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள், நடுக் குருத்து இளசாக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தேன். அவள் திரும்பி வரும்போது செடி புதர் மாதிரி அடைத்து நிற்க வேண்டும், பார்த்து அசந்துபோக வேண்டும் என்று ஆசை. இரண்டு கையாலும் வரிசையாகக் கிள்ளிக்கொண்டே போனேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு செடியையும் விடவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவள் வந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. பையை வைத்ததும் நேரே ஓடைப் பக்கம் இறங்கினாள். மற்றவர்கள் போட்ட கோஸில் இலைகள் உள்பக்கம் மடங்கி, தலை உருள ஆரம்பித்திருந்தது. அவளுடையது மட்டும் நடுவில் ஒன்றுமில்லாமல், சுற்றிச் சின்னச் சின்னத் துளிராக வெடித்து நின்றது. வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டு, எண்ணாமலே மேலே ஏறி வந்துவிட்டாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. எரு பற்றவில்லையோ, நாற்றுதான் கோளாறோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஞாயிறு, அந்தச் சீனர் எரு லோரியோடு வந்தார். நான் மட்டும்தான் கீழே இருந்தேன். அவளுடைய கோஸைக் காட்டிக் கேட்டேன். அவர் குனிந்து ஒரு செடியை விலக்கிப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். இது தேயிலை இல்லை, கோஸுக்குத் தலை அந்தக் குருத்திலிருந்துதான் வரும், யார் கிள்ளினது என்று மலாயில் கேட்டார். நான் தெரியாது என்றேன். பக்கத் துளிரில் திடமானது ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்தால் சின்னத் தலையாவது பிடிக்கும் என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறிவிட்டார்.

அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊரையே கிண்டல் பண்ணினவள், இப்போது என்னைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்களே என்ற வெட்கம். வெட்கம் என்று எனக்கே சொல்லிக்கொள்ளப் பிடிக்காமல் வேறு காரணம் கண்டுபிடித்தேன். டாக்டர் அவளை எதற்கும் கவலைப்படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், நாம் போய் ஏதாவது சொல்லிக் கிளறக் கூடாது. திங்கட்கிழமை அப்படி நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அவள் புருசன் இருந்தார் என்று விட்டேன். புதன்கிழமை மழை. இப்படியே நாள் போனது. குழாயடியில் பெண்கள், "ஆளு இல்லாட்டியும் அவ கை வெச்சது வெளங்கல பாத்தியா" என்று பேசிக்கொண்டார்கள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் எல்லாரும் ஓடைப் பக்கம் இறங்கினோம். அவளும் வந்திருந்தாள். ஒரு அம்மா நாற்றுத் தட்டைச் சுமந்துகொண்டு தடுமாறி வந்தார். உதவி செய்யலாம் என்று இவள் இரண்டு கையையும் நீட்டினாள். அந்த அம்மா தட்டைச் சட்டென்று மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீ தொடாதம்மா. புது நாத்து, நானே பாத்துக்கிறேன்."

குரலில் கோபம்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். இவள் நீட்டின கையை இழுத்துச் சரோங் கைலியின் மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டேன்.

"அவ கையில ஒண்ணும் இல்ல. கோஸு குருத்தக் கிள்ளினது நானு. தேயிலைன்னு நெனச்சி அத்தனையையும் கிள்ளிட்டேன். அந்தச் சீனரு பாத்துட்டுச் சொன்னாரு" என்று கத்திவிட்டேன்.

கேரட் நட்டவர்தான் முதலில் சிரித்தார். "கோஸுலயும் கொழுந்து எடுத்துட்டியா லா? கிராணிகிட்ட நிறுத்துப் போட்டியா?" என்றார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நான் அவ்வளவு நாள் பயந்தது இதற்குத்தான். அது ஒன்றுமே இல்லை. இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்தாள்.

"சீனரு எப்பக்கா சொன்னாரு?"

"போன ஞாயித்துக்கெழம."

விரலை மடக்கி எண்ணினாள்.

"ஆறு நாளா தெரியுமாக்கா? இந்த ஆறு நாளும் நான் வயித்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்க்கா. வெளிய வெச்ச செடியே தங்கல, உள்ள இருக்கிறது எப்படித் தங்கும்னு. ராத்திரி கண்ணு மூடலக்கா."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. சொல்லிவிட்டு மெதுவாக மேடேறி வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர்தான். ராத்திரியில் அவள் புரண்டு புரண்டு படுப்பதும், புருசன் தூங்கச் சொல்வதும் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கர்ப்பக்காரிக்குத் தூக்கம் வராது என்று நினைத்துத் திரும்பிப் படுத்தவள் நான்.

சீனர் சொன்னபடி துளிர்களை ஒதுக்கிவிட்டேன், இந்தத் தடவை அவளிடம் கேட்டுவிட்டு. தேங்காய் அளவுகூட இல்லை, ஆனாலும் எல்லாச் செடியிலும் தலை பிடித்தது. முதல் கோஸை எங்கள் வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்பினாள். மாசம் நிறைந்து, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் சுகம். கைராசிப் பேச்சும் மெல்ல மெல்ல அடங்கிப்போனது. அவள் கடைசிவரை என்னிடம் பழையபடியேதான் பழகினாள். அந்த ஆறு நாளைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் நான் நினைத்துப் பார்க்காத நாள் குறைவு. அந்த வாரத்தில் அந்தக் கவலையாலேயே அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால், நான் வாயே திறந்திருக்க மாட்டேன். தன் கைதான் காரணம் என்று அவள் காலம் முழுக்க நம்பியிருப்பாள். தப்புப் பண்ணிவிட்டு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு இன்றும் இழுக்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் எனக்குத் தெரியாமல் யாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறார்கள் என்று தோன்றும், உடனே எழுந்து போய்ச் சொல்லிவிடுகிறேன்.