அறுந்து கிடந்த ரிப்பன்

இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

மூன்று நாள் மலையோட்டப் போட்டியில் அது இரண்டாம் நாள். நக்கிள்ஸ் காட்டுக்குள் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், வழிகாட்டக் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் அறுந்து சேற்றில் கிடந்தது. முன்பே பயிற்சிக்கு வந்து ஓடியிருந்ததால் எனக்கு வழி தெரியும். எனக்குப் பின்னால் நாவலப்பிட்டி டீச்சர் ஒருத்தி நெருங்கி வந்துகொண்டிருந்தாள். முதல் நாள் அட்டை கடிக்காமல் காலில் பூசிக்கொள்ள எனக்குச் சவர்க்காரம் தந்தவள் அவள்தான்.

ரிப்பனை எடுத்துக் கட்ட அரை நிமிடம் போதும். நின்றால் அட்டை ஏறும் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு, தாண்டி ஓடினேன்.

அன்றிரவு தங்கும் கூடாரத்துக்கு நான் வந்து ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் அவள் வந்தாள். இரண்டு காலிலும் ரத்தம் வழிந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன்.

"ரிப்பன் விழுந்து கெடந்துச்சுக்கா, வழி மாறிப் போயிட்டேன். பின்னால வர்றவங்க பாவம்ல? திரும்பி வந்து, தேடி எடுத்துக் கட்டுறதுக்குள்ள அட்டை புடிச்சிருச்சு. நல்லவேளை, நீங்க போறப்போ அது விழுகல போல."

"ஆமா" என்றேன்.

மூன்றாமிடப் பதக்கம் குண்டசாலை வீட்டு அலுமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. ரிப்பனைத் தாண்டி ஓடியதற்காக என்னை ஒருநாள் மன்னித்துக்கொள்வேனோ என்னவோ. அந்த 'ஆமா'வுக்காக முடியாது.