முறை எங்கே என்று கேட்ட சிவப்புப் பேனை

புதுச் சிவப்புப் பேனையின் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற மணம் ஒன்று இருக்கிறது. மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் இடைப்பட்ட மணம். பதினோராம் வகுப்பின் இரண்டாம் தவணை முடிவில், எங்கள் கணக்கு ஆசிரியர், நாங்கள் 'சேர்' என்று கூப்பிடுகிறவர், அப்படியொரு பேனையையும் நூலால் கட்டிய விடைத்தாள் கட்டொன்றையும் ஆசிரியர் அறையில் வைத்து என்னிடம் நீட்டி, "நீ திருத்து பிள்ளை, உன்னட்டைத் தந்தால் நான் திருப்பிப் பாக்கத் தேவையில்லை" என்று மற்ற ரீச்சர்மார் கேட்கச் சொன்னபோது, அந்த மணம் எனக்குத் தேர்த்திருவிழா மணமாக இருந்தது. இன்று அதே மணத்துக்கு மூக்கைப் பொத்துகிறேன். நானும் இப்போது கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர்தான் என்பதால், தவணைக்குத் தவணை மூக்கைப் பொத்திக்கொண்டே சம்பளம் வாங்குகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் வலிகாமத்தில், யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடங்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். மிஞ்சிய எங்களை வைத்துக்கொண்டு அவர்களை வென்று காட்டவேண்டும் என்பது எங்கள் அதிபரின் வைராக்கியம். காலை ஏழு மணிக்கு மேலதிக வகுப்பு, பின்னேரம் 'செமினார்', சனி ஞாயிறில் 'ரியூசன்', லீவு விட்டால் கடந்தகால வினாத்தாள் என்று நாங்கள் செக்குமாடு போலச் சுற்றினோம். மண்டபத்தில் மேடைக்கு வலப்பக்கம், கனடாவிலிருக்கும் பழைய மாணவர்கள் செய்வித்துக் கொடுத்த பெரிய மரப்பலகை ஒன்று தொங்கியது. பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் 'ஏ' எடுத்தவர்களின் பெயர்களை அதில் பொன்னிற எழுத்தில் எழுதுவார்கள். பெறுபேறு வந்த மறுநாளே கோயிலடிச் சந்தியில் "நூறு வீதச் சித்தி", அதாவது தோற்றிய எல்லாரும் பாஸ், என்ற பதாகை ரோட்டுக்குக் குறுக்கே ஏறிவிடும். அதைப் பார்த்துத்தான் ஊர்ச்சனம் பிள்ளைகளை எங்களிடம் சேர்ப்பதா, பட்டணத்துக்கு அனுப்புவதா என்று முடிவெடுத்தது.

அந்த நூறு எப்படி வந்தது என்று சந்தியில் நின்று வாசித்த எவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை, எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் தவணைக் கணக்குப் பாடத்தில் முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தவர்களின் தாய் தகப்பனை அதிபர் ஒருநாள் கூப்பிடுவார். "எனது பிள்ளை சொந்த விருப்பத்தின் பேரில் பாடசாலையிலிருந்து விலகி, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற விரும்புகிறார்" என்று கடிதம் எழுதி வாங்குவார். கடிதத்தின் வாசகத்தைக் கரும்பலகையில் வெண்கட்டியால் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். வந்த பெற்றோர் பிள்ளைகளின் வாங்குகளில் ஒடுங்கி உட்கார்ந்து அதைப் பார்த்தெழுதுவார்கள். பார்த்தெழுதுவதை எங்கள் பள்ளிக்கூடம் அனுமதித்தது அந்த ஒரு நாளில் மட்டும்தான். கடிதம் கொடுத்த பிள்ளைகள் எங்கேயாவது ஒரு நிலையத்தில் தனியாகப் போய்ச் சோதனை எழுதலாம், பெயிலாகலாம், என்னவும் ஆகலாம். பள்ளிக்கூடத்தின் நூறு வீதத்தில் கைவைக்க மாட்டார்கள். எங்களுக்குள் இதற்குக் 'களை பிடுங்கிறது' என்று பெயர். ரீச்சர்மாரும் சிரித்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

தீபா ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். அவளுடைய வீட்டார் நெடுங்காலம் இடம்பெயர்ந்து உறவுக்காரரின் வளவில் இருந்தார்கள். சொந்தக் காணி ஆமிக்காரரின் முள்ளுக்கம்பிக்குள் கிடந்தது. நாங்கள் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது காணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். போய்ப் பார்த்தால் வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை, தூர்ந்துபோன கிணறு மட்டும் மிச்சம். அந்தக் கிணற்றிலிருந்து அளந்து அளந்துதான் எது யாருடைய காணி என்று சனம் கண்டுபிடித்தது. சேவையர் என்று ஊர் சொல்கிற நில அளவையாளர் முக்காலியில் கருவியை ஏற்றி ஒற்றைக் கண்ணால் பார்த்ததை, தீபா மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கு வராமல் பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

நாலாம் நாள் வந்து, "நான் சேவையரா வரப்போறன்டி" என்றாள்.

"அதுக்குக் கணக்கு வேணுமெல்லே?" என்று நான் பகிடி பண்ணினேன்.

"அளக்கிறது எனக்கு வரும். அதைக் கொப்பியிலை எழுதிறதுதான் வராது" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு கதையே இல்லை. சாதாரண தரத்தில் கணக்குச் சித்தி, பிறகு எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இரண்டு வருடம் உயர்தரம், பிறகு சேவையர் படிப்பு என்று பாதையை ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். என்னிடம் அப்படியொரு ஆசை இருக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பலகையில் என் பெயர் மட்டும்தான்.

விடைத்தாள் திருத்த எனக்கு விஞ்ஞான ஆய்வுகூடத்தைத் திறந்துவிட்டார்கள். வெளியில் ஒருவருக்கும் மூச்சுவிடக் கூடாது என்பது சேரின் கட்டளை. கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கொண்டு மற்றப் பிள்ளைகளின் தாள்களைத் திருத்துவிப்பது அங்கே ஒவ்வொரு தவணையும் நடந்த இரகசியம். அந்த முறை என் முறை. புள்ளித்திட்டம் தெளிவாக இருந்தது: சூத்திரத்துக்கு ஒன்று, பிரதியிட்டதற்கு ஒன்று, சுருக்கியதற்கு ஒன்று, விடைக்கு ஒன்று. ஒரு கேள்வியில் சரிவக வடிவில் ஒரு காணி வந்தது. சமாந்தரமான இரண்டு பக்கமும் பதினான்கு மீற்றரும் இருபத்திரண்டு மீற்றரும், இடைத்தூரம் பன்னிரண்டு மீற்றர், பரப்பளவு என்ன என்று கேள்வி. தீபா சூத்திரம் எழுதவில்லை. காணியைக் கீறி, பெரிய பக்கத்தில் கூடிக் கிடந்ததை வெட்டிச் சின்னப் பக்கத்தில் ஒட்டுவதுபோல அம்புக்குறி போட்டு, "நடு அகலம் 18" என்று எழுதி, கீழே 18 × 12 = 216 என்று முடித்திருந்தாள். வெங்காயம் நடுகிற தறையை அவளுடைய அப்பா அளக்கிற விதம் அது. ஒரு கரை நீளமாகவும் மற்றக் கரை கட்டையாகவும் இருந்தால் இரண்டையும் நடுவாக்கிக் கயிறு பிடிப்பார். விடை அச்சொட்டாகச் சரி. நான் பக்கத்தில் "முறை?" என்று சிவப்பில் எழுதி, விடைக்கு மட்டும் ஒரு புள்ளி போட்டு, மூன்றை வெட்டினேன். "முறை இல்லாத விடை களவெடுத்த விடை" என்று சேர் அடிக்கடி சொல்வார். கடைசியில் கூட்டிப் பார்த்தேன். முப்பத்துமூன்று.

பேனையைக் கீழே வைத்துக் கொஞ்சம் யோசித்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். யோசிக்கவில்லை. சினேகிதி என்று சலுகை காட்டாமல் திருத்திவிட்டேன் என்ற பெருமையோடு அடுத்த தாளை எடுத்தேன்.

திங்கட்கிழமை தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். தீபா தன்னுடையதை நெடுநேரம் பார்த்தாள், நாலாக மடித்துக் கொம்பாஸ் பெட்டிக்குள் வைத்தாள். புதன்கிழமை ரியூசனில் மாஸ்ரர் சரிவகத்தின் சூத்திரத்தை எழுதிவிட்டு, "ரெண்டு பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கிறது எண்டால் என்ன? நடு அகலத்தை எடுக்கிறதுதானே!" என்று கரும்பலகையில் ஒரு படம் கீறினார். அது தீபா கீறிய படம். அதே அம்புக்குறி. சூத்திரத்தை நான் பாடமாக்கியிருந்தேன், அவள் விளங்கியிருந்தாள். அந்த மூன்று புள்ளியையும் போட்டால் முப்பத்தாறு.

மறுநாள் காலை ஆசிரியர் அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே சேர் உப அதிபருக்கு என் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "உவள் திருத்தினால் நானே பிழை பிடிக்கேலாது. இந்த முறை ஒன்பது ஏ நிச்சயம்." வாசலில் நின்று அதை முழுவதும் கேட்டேன். கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பிழை விட்டவள் என்று ஒருதரம் தெரிந்துவிட்டால் அந்தச் சொல் பிறகு வராது என்ற பயம் ஒன்றைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. பத்து வருடத்துக்கு மேலாகத் தேடிப் பார்க்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்தார்கள். தாள் கொடுக்க, தண்ணீர் கொடுக்க மாணவத் தலைவியாக நான் நின்றேன். தீபாவின் அப்பா தோட்டத்திலிருந்து குளித்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். கரும்பலகையை உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கண்ணாடி கொண்டரேல்லை. நீ எழுதித் தா, நான் கையெழுத்து வைக்கிறன்."

எழுதினேன். நீலப் பேனையால், அழகான எழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல் எழுதினேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் ஒண்டாத்தானே படிச்சனீங்கள். உனக்கு வந்த கணக்கு அவளுக்கு ஏன் பிள்ளை வரேல்லை?"

"தெரியாது மாமா" என்றேன்.

தீபா வகுப்பு வாசல் நிலையில் சாய்ந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவமானத்தில் நிற்கிறாள் என்று நான் நினைத்தேன்.

அந்த வருடமும் நூறு வீதம். சந்தியில் பதாகை ஏறியது, பலகையில் என் பெயர் ஏறியது, கனடாவிலிருந்து மாமி அழைத்து அழுதாள். தீபா வேறொரு பள்ளிக்கூடத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே இருந்து தனியாகச் சோதனை எழுதி, எல்லாப் பாடமும் சித்தியடைந்தாள், கணக்கில் 'சீ'. களை என்று பிடுங்காமல் விட்டிருந்தாலும் நூறு நூறாகத்தான் இருந்திருக்கும். உயர்தரத்துக்கு இடம் கேட்டுப் போனபோது அதிபர், "தனிப்பட்டவைக்கு இஞ்சை இடமில்லை" என்று சொல்லிவிட்டார். மற்றப் பள்ளிக்கூடங்களோ விடுகைப் பத்திரத்தில் "சொந்த விருப்பத்தில் விலகினார்" என்பதை வாசித்துவிட்டு, ஏன் விலகினாய் என்று அவளையே கேட்டன. இரண்டு மாதம் அவளுடைய அப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அலைந்தார். பிறகு இருவரும் தோட்டத்துக்குப் போகத் தொடங்கினார்கள்.

போன மாதம் ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றுக்காக எங்கள் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மண்டபத்துக்கு மாபிள் பதித்திருக்கிறார்கள். பலகை இருந்த இடத்தில் பெரிய திரையொன்று மின்னிக்கொண்டிருந்தது. பலகையைக் கறையான் தின்றுவிட்டதென்று கழற்றி எரித்துவிட்டார்களாம், காவலாளி சொன்னார். என் பெயரும் எரிந்திருக்கிறது. அதில் எனக்கு ஒரு துக்கமும் வரவில்லை, ஒரு நிம்மதியும் வரவில்லை. திரும்பி வரும் வழியில் தீபாவின் காணி. அவள் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றிவிட்டுக்கொண்டு நின்றாள். ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கினேன்.

"தீபா, அந்த ரெண்டாம் தவணைக் கணக்குத் தாளைத் திருத்தினது சேர் இல்லை. நான்தான்."

அவள் மண்வெட்டியால் வாய்க்காலை அடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரியும்."

"எப்பிடி?"

"ஆறாம் வகுப்பிலையிருந்து உன்ரை கொப்பியைப் பாத்தெழுதினனான். உன்ரை கேள்விக்குறி எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"நீயா வந்து சொல்லுவாயெண்டு இருந்தனான். அப்பாவுக்கு நீ கடிதம் எழுதேக்கையும் வாசல்லை பாத்துக்கொண்டு நிண்டனான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நேற்றுப் பெய்த மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டாள்.

"இப்ப நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலையும் உப்பிடி எழுதி வாங்கிறவையோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"ஆர் எழுதிக் குடுக்கிறது?"

"எழுதத் தேவையில்லை. அச்சடிச்சு வைச்சிருக்கினம். பேரைப் போட்டால் சரி."

"நல்லதுதான். கண்ணாடி இல்லாதவைக்கும் கரைச்சலில்லை" என்று சொல்லிவிட்டுத் தீபா அடுத்த வாய்க்காலை வெட்டப் போனாள்.

என் தோள்பையில் இந்தத் தவணைக்கான விலகல் படிவங்கள் ஐந்து இருந்தன. பெற்றோரின் கையெழுத்துக்கு மேலே 'கணித ஆசிரியரின் சிபாரிசு' என்று ஒரு வரி இருக்கிறது. ஐந்திலும் அன்று காலையிலேயே கையெழுத்து வைத்திருந்தேன். அந்த ஐந்து பேரின் விடைத்தாள்களையும் நான் திருப்பிப் பார்க்கவில்லை.